வரியைக் குறைப்பேன் என்னும் வாக்கு

தேர்தல் நாள் நெருங்கியதும் நம் கடைகளுக்கு வரும் அபேட்சகர்கள் இரண்டு வாக்குகளை ஒரே மூச்சில் தருவது வழக்கமாகிவிட்டது. வரியைக் குறைப்போம் என்பது ஒன்று. சாக்கடையைச் சீர்செய்வோம், தெருவிளக்குப் போடுவோம், சந்தையைப் புதுப்பிப்போம் என்பது மற்றொன்று. நாமும் இரண்டையும் கேட்டுத் தலையசைத்துத் தேநீர் கொடுத்து அனுப்புகிறோம். இதே பேச்சை ஒரு மொத்த வியாபாரி நம்மிடம் பேசினால் எப்படியிருக்கும்? அரிசி முதல் தரம், விலையோ கொள்முதலுக்கும் கீழே என்று அவர் சொன்னால், நாம் உடனே மூட்டையில் குத்தூசியைச் செலுத்திப் பார்ப்போம். எடை குறைவோ, கலப்படமோ, கள்ளச் சரக்கோ என்று ஆராய்வோம். சரக்கில் நமக்குள்ள இந்த எச்சரிக்கை ஊர்க் காரியத்தில் ஏன் இருப்பதில்லை என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

எந்தத் தேர்தலைச் சொல்கிறீர்கள் என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டன. அப்போது இந்தோனேசியாவுடனான மோதல் காரணமாகக் காட்டப்பட்டது. இதனை ஆராய அமைக்கப்பட்ட ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தும், 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அந்தத் தேர்தலை அறவே எடுத்துவிட்டது. பினாங்கு மாநிலம் 2012-இல் தன் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் இயற்றி அதை மீட்க முயன்றது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரமில்லை எனத் தீர்ப்பளித்தது. ஆகவே இன்று நம்மிடம் சாக்கடையைப் பற்றியும் வரியைப் பற்றியும் பேச வருகிறவர் சட்டமன்ற அபேட்சகரே. மன்றத்தின் கல்லாப்பெட்டிச் சாவி அவரிடமில்லை. ஆயினும் அந்தக் கல்லாவில் யாரை உட்கார்த்துவது என்று தீர்மானிக்கும் மாநில அரசை உண்டாக்குகிறவர் அவர்தாம். அவரிடம் கணக்குக் கேட்பது முறையற்றதாகாது.

ஜார்ஜ் டவுனின் பழைய கதை இங்கு உதவும். 1857 முதல் 1913 வரை அங்கே வரி செலுத்துவோர் நகர ஆணையர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து வந்தனர். பிறகு அவ்வுரிமை பறிபோய், 1951 டிசம்பரில்தான் திரும்பியது. அவ்வாண்டு 15 இடங்களில் 9 இடங்களுக்கு ஜனங்கள் வாக்களித்தனர். 1957-இல் ஊருக்கு மாநகர் அந்தஸ்து கிட்டியது, டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர் மேயரானார். அக்காலத்து நகரசபை மின்சாரம் விற்றது, தண்ணீர் விற்றது, 1961 வரை டிராலி பஸ்ஸும் ஓட்டியது. வரியைத் தவிர வியாபார வருமானமும் அதற்கு இருந்தது. அந்நாளில் ஓர் அபேட்சகர், மின்சார லாபம் இருக்கிறது, வீட்டு வரியை ஏற்ற வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தால் அப்பேச்சுக்குப் பின்னால் ஒரு பேரேடு இருந்திருக்கும். பின்னாளில் மின்சாரமும் தண்ணீரும் வேறு அமைப்புகளின் கைக்குப் போய்விட்டன. மிஞ்சியவை மதிப்பீட்டு வரி, உரிமக் கட்டணம், வாகனம் நிறுத்தும் கட்டணம், அரசின் மானியம் போன்றவை. அந்தக் காலத்து வாக்கை இந்தக் காலத்து மன்றத்தின் பேரால் கொடுப்பது, விற்றுவிட்ட தோப்பின் தேங்காய்க்கு முன்பணம் வாங்குவது போன்றதே.

மலாய்க்காரர் சுக்காய் பிந்து என்று சொல்லும் இந்த வரி எப்படிப் போடப்படுகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஒரு கடைவீடு நியாயமாக என்ன வாடகைக்குப் போகும் என்று மதிப்பிட்டு, ஓராண்டு வாடகையில் இத்தனை விழுக்காடு என்று மன்றம் வரி விதிக்கிறது. சட்டத்தின்படி 35 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. நடைமுறையில் அதற்கு வெகு கீழேதான் நிற்கிறது. மாதம் 3,000 வெள்ளி வாடகை பெறும் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36,000. விகிதம் 10 விழுக்காடு என்றால் வரி 3,600 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பேன் என்று அபேட்சகர் பறைசாற்றினால், நமக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 360 வெள்ளி. நாளொன்றுக்கு ஒரு வெள்ளியும் இல்லை. இதற்காகவா கைதட்டினோம் என்று தோன்றும். எனினும் ஆயிரக்கணக்கான கடைகளில் இவ்வாறு குறைந்தால் மன்றத்தின் வரவில் அது பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை எந்தச் செலவை வெட்டி அடைப்பார்?

இக்கேள்விக்கு அபேட்சகர் பதில் சொல்லாவிட்டாலும் மன்றம் ஒருநாள் பதில் சொல்லியே தீரும். அந்தப் பதிலின் இயல்பு நமக்குத் தெரிந்ததே. முன்தெருவின் விளக்கை எவரும் அணைப்பதில்லை. பின்சந்தின் விளக்கே முதலில் அணையும். சுற்றுலாப் பயணிகள் நடக்கும் அஞ்சடி கழுவப்படும். ஏழைகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் குப்பைதான் ஒருநாள் தாமதிக்கும். பெயர் சொல்லாமல் வெட்டப்படும் செலவு, குரல் இல்லாதவர் தலையிலேயே விழுகிறது. 2017 நவம்பரில் பினாங்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது கடைகளில் நனைந்த சரக்கின் நஷ்டத்தை நாம் மறந்திருக்க முடியாது. சாக்கடை சுத்தமாயிருந்தால் வெள்ளமே வந்திராது என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிப்பட்ட மழை அது. ஆனால் நாலு மூட்டை அரிசி நனைந்தால் 360 வெள்ளி எங்கே போகிறது என்று வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வரி கூடினால் ஊர் தானாகச் செழித்துவிடும் என்பதும் மூடநம்பிக்கையே. கேட்காத இடத்தில் அலங்கார வளைவும் தேவையில்லாத உத்தியோகமும் வரிப்பணத்தில்தான் முளைக்கின்றன. வீண்செலவைக் குறைப்பேன் என்று சொல்லும் அபேட்சகரை நாம் குறைகூறவில்லை. எது வீண் என்று அவர் பெயர் சொல்லட்டும் என்கிறோம், அவ்வளவே.

வரியை ஏற்றாமலே இருப்பது நல்லதல்லவா என்று கேட்பார்கள். மதிப்பீட்டுப் பட்டியலை 5 ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது மாநில அரசு நீட்டிக்கும் காலத்துக்குள், புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கோலாலம்பூரில் 1992-இல் செய்த மதிப்பீடே இருபதாண்டுக்கு மேல் நின்றது. 2014 முதல் புதிய மதிப்பு என்று வீடுவீடாக அறிவிப்பு வந்தபோது தலைநகரில் எழுந்த கூக்குரலை யாவரும் அறிவோம். ஆட்சேப மனுக்கள் குவிந்தன. முடிவில் மாநகராட்சி விகிதத்தைக் குறைத்தது. இத்தனை ஆண்டு தொடாமல் வைத்தவர்கள் ஜனங்களுக்கு உபகாரம் செய்தார்களா, அபகாரம் செய்தார்களா? ஒரேயடியாக வந்து விழுந்த சுமையைத் தாங்க முடியாமல் தவித்தவரைக் கேட்டால் பதில் கிடைக்கும். வாடகைக் கட்டுப்பாட்டிலும் இதையே கண்டோம். 1966-ஆம் ஆண்டின் சட்டம் போருக்கு முந்திய கடைவீடுகளின் வாடகையைக் கட்டிவைத்தது. அதனால் நம்மில் பலர் சூலியா ஸ்திரீட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் சொற்ப வாடகையில் தொழில் நடத்தினோம். வீட்டுக்காரரோ ஓட்டையும் உத்தரத்தையும் கவனியாமல் விட்டார். 1999-ஆம் ஆண்டின் முடிவோடு கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை ஏறிற்று. தலைமுறையாக இருந்த கடைகள் காலியாயின. மலிவாகக் கிடைத்ததன் விலையை எவரோ, என்றோ கொடுக்கிறார்.

நிற்க. பணம் கட்டுகிறவன் சொல்வதுதான் செல்ல வேண்டும், வரி கட்டாதவனுக்கு ஊர்ச் செலவில் என்ன பேச்சு என்று நம் வியாபாரிகள் சிலர் வாதிப்பதுண்டு. 1857-இல் ஆங்கிலேயர் கொண்ட கொள்கை இதுதான். கூட்டு வியாபாரத்தில் கைமுதலுக்கு ஏற்றபடி பேச்சு என்பது நமக்கும் பழக்கமான நியாயம். ஆனால் வரி கட்டுகிறவர் யார்? ரசீது வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. அவர் அதை வாடகையில் சேர்க்கிறார். நாம் அதைச் சரக்கின் விலையில் சேர்க்கிறோம். ஒரு கிலோ பருப்பு வாங்கும் மூதாட்டியும், ஒரு தட்டு நாசி கண்டார் உண்ணும் கூலியாளும் அந்த வரியில் தம் பங்கைச் செலுத்திவிட்டே போகிறார்கள். அவர்களுக்குத்தான் ரசீது கிடைப்பதில்லை. ரசீது வைத்திருப்பவனுக்கே உரிமை என்றால், பணத்தைக் கொடுத்தவரைத் தள்ளிவிட்டுப் பணத்தைக் கடத்தியவரைக் கௌரவிப்பதாகும்.

அங்காடிக்காரர் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் சூடாகிறது. நாம் வாடகையும் வரியும் கொடுத்துக் கடை வைத்திருக்க, நம் வாசலிலேயே தள்ளுவண்டியை நிறுத்தி நம் வாடிக்கைக்காரரை இழுக்கிறானே என்னும் மனத்தாங்கல் பழையது. அதில் நியாயமும் உண்டு. அபேட்சகருக்கு இது நன்கு தெரியும். பகலில் கடைக்காரரிடம், வண்டிகளை அப்புறப்படுத்துவேன் என்கிறார். இரவில் அங்காடிக்காரரிடம், உங்கள் மீது எவனும் கைவைக்க விடமாட்டேன் என்கிறார். இருவரும் வாக்களிக்கிறார்கள். உண்மையில் இந்தச் சச்சரவுக்குப் பரிகாரம் பணச்செலவில்தான் இருக்கிறது. கூரையும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வழியும் உள்ள அங்காடி நிலையம் ஒன்றைக் கட்டி, அதற்கு உரிமமும் வாடகையும் வாங்கினால் தெருவும் விடுதலையாகும், மன்றத்துக்கும் வரவு உண்டாகும். அதைக் கட்டக் காசு வேண்டும்; காசுக்கு வரி வேண்டும். வரியைக் குறைப்பேன் என்றவரிடம் அதைக் கேட்க முடியுமா? இன்னொன்றையும் நினைத்துக்கொள்வோம். நாசி கண்டாரின் பெயரே, நம் முன்னோர் சோற்றையும் கறியையும் தோளில் சுமந்து விற்ற அந்தக் கண்டார்க் கோலிலிருந்து வந்தது. அவர்கள் நின்று விற்ற வாசல்களும் யாரோ வரி கட்டிய வாசல்களே.

இப்போது அபேட்சகரின் நிலையிலிருந்து பார்ப்போம். நேர்மையுள்ள ஒருவர் நம் கடைக்கு வருகிறார். ஐயா, சாக்கடை வேலைக்கு இவ்வளவு ஆகும், அதற்கு உங்கள் வரி ஆண்டுக்கு நூறு வெள்ளி கூடும், வேண்டுமா வேண்டாமா சொல்லுங்கள் என்கிறார். அவருக்கு வாக்களிப்போமா? அடுத்த கடைக்காரர் அவருக்கு வாக்களிப்பாரா? இல்லையென்றால் அடுத்த தேர்தலில் அவரும் மற்றவரைப் போலவே பேசக் கற்றுக்கொள்வார், அல்லது வீட்டில் இருந்துவிடுவார். குறைந்த எடை போடுகிறவன் குற்றவாளி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. குறைந்த எடை என்று தெரிந்தும் விலை மலிவு என்பதற்காக அவனிடமே போய் நிற்கும் வாடிக்கைக்காரனை என்னவென்பது? அவனால்தான் சரியான எடை போடுகிறவன் கடையை மூடுகிறான். பொய் வாக்குறுதியின் பாவத்தைச் சொன்னவர் தலையில் மட்டும் ஏற்றிவிட்டுக் கேட்டவர் கைகழுவிக்கொள்வது நியாயமாக நமக்குத் தோன்றவில்லை. வாக்கும் ஓர் அமானிதம். அது கடையின் சொத்தல்ல, ஊர் நம்மிடம் ஒப்படைத்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. குடும்பத்தைக் காப்பாற்றப் பாடுபடும் சிறு வியாபாரி தன் வரவு செலவைப் பார்த்து வாக்களிப்பது தவறா என்பார்கள். தவறன்று. தன் கடையை மறந்துவிட்டு ஊரை நினைக்கச் சொல்வது உபதேசத்துக்கு அழகாயிருக்கும், உலகத்துக்கு ஒத்துவராது. ஆனால் கடையின் வரவு செலவைப் பார்க்கிறவர் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டாமா? வரிச்சீட்டின் தொகை ஒரு பத்தி. நனைந்த சரக்கு, எலி தின்ற மூட்டை, இருட்டுச் சந்துக்குப் பயந்து மாலையில் வராத வாடிக்கை, சாக்கடை நாற்றத்தால் எழுந்துபோன விருந்தாளி, இவையெல்லாம் மற்றொரு பத்தி. இரண்டையும் கூட்டிப் பார்க்கிறவரே நல்ல கணக்கர்.

மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அதே 1976-ஆம் ஆண்டின் சட்டத்தில் இருக்கிறது. மன்றம் தானே தீர்மானித்துக் கதவை மூடினாலன்றி, யாரும் போய் உட்காரலாம். மதிப்பீடு கூடுதல் என்று எழுத்து மூலம் ஆட்சேபிக்கவும் அச்சட்டத்தில் வழியுண்டு. கோலாலம்பூரில் அந்த இரண்டாவது வாசலில் கூட்டம் நெரிந்தது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும் அபேட்சகரிடம், வரவுசெலவுத் திட்டம் படிக்கப்படும் அன்று முதல் வாசல் வழியாக எங்களில் நால்வரைக் கூட்டிப்போவீரா என்று கேட்டுப் பார்க்கலாம்.