தொட்டி மீனும் இல்லறத்தார் விரதமும்



கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன் வளர்க்கும் வழக்கம் நம்மவர் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. குழந்தைகள் ஆசையுடன் கேட்கின்றனர்; பெற்றோர் வாங்கித் தந்துவிடுகின்றனர். அதன் பின்னரே வினா எழுகின்றது: கடைக்காரர் கொடுக்கும் புழுவை நம் கையால் இடலாமா? காய்கறியிட்டே காப்பாற்ற இயலுமா?

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். மீனைத் தொட்டியில் அடைப்பது முதற் குற்றத்தின் பாற்படும் என்பதே நம் கருத்து. எனவே வாங்காதிருத்தலே நன்று. ஆயினும், இல்லம் வந்துவிட்ட ஐயறிவுயிரைப் பட்டினியிட்டால் ஐந்தாம் குற்றமும் வந்து சேரும். புழுவோ ஈரறிவுயிர், அதனை இட நம் மனம் ஒப்பாது. இங்கே இரக்கம் மட்டும் போதாது. எவ்வுயிர் எதனை உண்ணும் என்ற அறிவும் வேண்டும்.

‘ஃபைட்டர்’ எனும் பெயரில் விற்கப்படும் மீன் ஊனுண்ணி. அதற்கு வெள்ளரித் துண்டு இடுவது தருமம்போல் தோன்றும். உண்மையில் அது அன்னம் மறுத்தலே ஆகும். அதனை நம்மவர் வாங்கவே கூடாது. கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய சிறுமீன்கள் பாசியும் சிற்றுயிரும் கலந்துண்பவை. அவற்றுள் மோலி பாசியையும் கீரையையும் பெரிதும் விரும்பும்.

வெள்ளரி, சுரை, பசலைக்கீரை, பச்சைப் பட்டாணி இவை ஏற்றவை. கிழங்கு வகைகளை நாமே விலக்குகின்றோம். மீனுக்கும் அவை தேவையில்லை. காய்களில் பூச்சிமருந்து படிந்திருக்கும். ஆதலால் நன்கு கழுவி, தோல் நீக்க வேண்டும். பின்னர் உப்போ எண்ணெயோ சேராத கொதிநீரில் ஓரிரு நிமிடம் இட்டு, மென்மையானதும் எடுத்து ஆறவிட வேண்டும். பட்டாணியைத் தோலுரித்து நசுக்கி இடலாம். சிறுமீனின் வாய் மிகச் சிறிது. நகக்கண் அளவு துண்டே ஐந்தாறு மீன்களுக்குப் போதும். சமைத்த பொரியலில் மிஞ்சியதை இடுவோரும் உளர், அது தவறு.

எஞ்சியதை இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அழுகிய காய் நீரில் அம்மோனியாவைப் பெருக்கும். அது செவுளைப் புண்ணாக்கி மீனைக் கொல்லும். அன்பினால் அள்ளியிட்டுக் கொன்றவர்களே மிகுதி. இரவுண்ணாமை காக்கும் நமக்கு இது எளிது: காலையில் இட்டு, கதிரவன் சாயுமுன் தொட்டியைத் தூய்மையாக்கிவிடலாம்.

காய்கறி மட்டுமே இம்மீன்களுக்கு முழுமையான உணவாகாது என்பதையும் மறைத்தலாகாது. பொட்டல உணவுகள் பெரும்பாலானவற்றில் மீன்தூள் கலந்துள்ளது. ஸ்பிருலினாப் பாசியை முதன்மையாகக் கொண்டவையும் கிடைக்கின்றன. அவற்றிலும் மீன்தூள் கலந்திருக்கலாம் என்பதால் உறையைப் படித்தே வாங்க வேண்டும். இருக்கும் உயிர் வாடாமல் காப்பதும், புதிதாக ஒன்றை வாங்காதிருப்பதுமே இல்லறத்தாருக்கு இயன்ற வழி.

கப்பியும் மோலியும் குட்டி ஈனுபவை, விரைவில் பெருகும். ஆணையும் பெண்ணையும் வேறு தொட்டிகளில் வைத்தால், முன்பே கருவுற்றவை சில மாதங்கள் ஈன்றபின் பெருக்கம் நின்றுவிடும். விடுதலை தருவதாக எண்ணி அவற்றை ஏரியிலோ குளத்திலோ விடுதல் கூடாது. தொட்டிக்கென வந்த ‘சக்கர்’ மீன்கள் தமிழக நீர்நிலைகளில் பெருகி, அங்குள்ள மீன்களின் வாழ்விடத்தைக் கெடுத்து வருகின்றன. வளர்க்க இயலாதவர், வளர்க்கத் தெரிந்தவரிடமோ வாங்கிய கடையிலோ ஒப்படைக்கலாம்.