களையெடுப்பின் அறம்

காவிரி கடலில் கலக்கும் பூம்புகார்ப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி வரை விட்டுவிட்டுப் பெய்யும். நிலம் தாழ்வானது. ஆறும் வாய்க்காலும் நிரம்பியிருக்கும் நாளில் வாசலில் விழுந்த தண்ணீர் எளிதில் வடியாது. அதனால் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணைப் பேணுவது இங்கே இல்லறத்தின் ஆண்டு வேலைகளில் ஒன்று. மழைக்கு முன் வாசலை மேடாக்க வேண்டும். கொல்லை வாய்க்காலைத் தூர்வார வேண்டும். தென்னையடியில் மண் அணைக்க வேண்டும். மழை விழுந்த சில நாளில் எழும் கோரையையும் அருகையும் செதுக்க வேண்டும்.

இவற்றில் உயிர் சாகாத வேலை ஒன்றுமில்லை. மண்வெட்டி இறங்கும் இடத்தில் மண்புழு துண்டாகிறது. தூர்வாரிய சேற்றோடு நத்தையும் நண்டுக் குஞ்சும் கரையேறிக் காய்கின்றன. பிடுங்கிய புல் மதிய வெயிலில் வாடிவிடுகிறது. முற்றத்தைப் பேணுவதில் நேரும் இந்த உயிரிழப்பு பாவமா, பாவமென்றால் இல்லறத்தான் அதற்கு என்ன ஈடு செய்வது என்ற கேள்வி மிகப் பழையது. காவிரிப் படுகையில் வேரூன்றிய சமயங்கள் ஒவ்வொன்றும் அதற்குத் தன் விடையைத் தந்திருக்கின்றன.

கேள்விக்கு அடிப்படை, புல்லும் மரமும் உயிருள்ளவை என்ற தெளிவு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறாகப் பிரிக்கிறது. அதில் புல்லும் மரமும் ஓரறிவுயிர். தொடுவதை உணரும் அறிவு அவற்றுக்கு உண்டு. நத்தைக்கும் சிப்பிக்கும் இரண்டறிவு, கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு என்று கணக்கு மேலேறுகிறது. மழைக்காலக் கொல்லையில் ஒரு காலை நேரம் நின்றால் இந்த வரிசை முழுவதையும் காலடியில் காணலாம்.

சமணம் இக்கணக்கை ஒழுக்கமாக்கியது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுப் புறப்படும்போது வழித்துணையாக வரும் கவுந்தியடிகள், வாய்க்கால் கரையோரம் நடந்தால் நண்டும் நத்தையும் மிதிபடும், அந்தப் பாவம் தாங்க முடியாதது என்று எச்சரிக்கிறார். புகாரைச் சுற்றிய மருத நிலத்தை அறிந்தவருக்குத்தான் இந்த அச்சம் தோன்றும். ஆனால் துறவியின் விரதத்தைச் சமணம் இல்லறத்தார்மேல் அப்படியே சுமத்தவில்லை. துறவிக்கு முழுமையான மகாவிரதம், இல்லறத்தாருக்கு அளவுபட்ட அணுவிரதம். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் கொலை இருவர்க்கும் விலக்கு. சமைப்பது, பெருக்குவது, தோண்டுவது போன்ற வீட்டு வேலையில் நேரும் இறப்பு இல்லறத்தில் தவிர்க்க முடியாதது. அதைக் கூடியவரை குறைப்பதே கடமை.

பௌத்தத்தின் விடை மழையையே மையமாகக் கொண்டது. புத்தரின் துறவியர் மழைக்காலத்திலும் ஊர் ஊராகச் சென்று பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துக் கொல்கிறார்கள் என்று மக்கள் குறைகூறினர். அதன் விளைவாகவே மழை மாதங்களில் ஓரிடத்தில் தங்கியிருக்கும் விதி பிறந்தது என்று துறவியரின் விதிநூலான விநயம் கூறுகிறது. செடிகொடிகளை அழிப்பதும் துறவிக்குக் குற்றமாயிற்று. பூம்புகாரில் 1960களில் நடந்த அகழாய்வில் பௌத்த விகாரம் ஒன்றின் செங்கல் கட்டடம் வெளிப்பட்டது. அங்கே தங்கிய பிக்குகளும் இவ்விதிக்கு உட்பட்டவர்களே. எனினும் இவ்விடையில் ஒரு குறை எஞ்சுகிறது. துறவி புல்லைப் பிடுங்காமல் இருக்கலாம். ஆனால் விகாரத்தின் முற்றத்தில் புதர் மண்டாதிருக்க வேறொருவர் கை அழுக்காக வேண்டும். பாவம் இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை.

சைவம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் கையில் எடுத்த கருவி உழவாரம், அதாவது புல் செதுக்கும் படை. கோயில் சுற்றில் முளைத்த புல்லைச் செதுக்கித் தரையைத் துப்புரவாக்குவதை அவர் வழிபாடாகவே செய்தார். இன்றும் அடியார்கள் கூடிக் கோயில்களைச் சுத்தம் செய்வது உழவாரப் பணி என்றே அழைக்கப்படுகிறது. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கல்லோடு கலந்து கிடந்தன என்றும், அவற்றையும் கல்லாகவே கருதி உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. நிலத்தைப் பேணுபவன் அதிலிருந்து தனக்கென எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே அந்நிகழ்ச்சியின் உட்பொருள்.

சமணமும் சைவமும் நேருக்கு நேர் மோதிய இடம் திருவாரூர். கண்பார்வையற்ற தண்டியடிகள், தூர்ந்துபோன கமலாலயக் குளத்தை அகழ முனைந்தார். குளத்தின் நடுவிலும் கரையிலும் தறி நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவியபடி மண் சுமந்தார். மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் மாளும், செய்யாதீர் என்று சமணர்கள் தடுத்தனர். இது சிவனுக்குச் செய்யும் திருப்பணி என்று அவர் மறுத்தார். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைத் தண்டியடிகளின் வெற்றியாகப் பாடுகிறார். ஆனால் சமய வழக்கை ஒதுக்கிவிட்டு நோக்கினால் இருவர் சொன்னதும் உண்மை. தோண்டினால் உயிர் சாகும். தோண்டாவிட்டால் குளம் தூர்ந்து, அதை நம்பிய மீனும் பறவையும் மனிதரும் அழிவர். எந்த உயிர் பெரிது என்று எண்ணிப் பார்த்து இவ்வழக்கைத் தீர்க்க முடியாது. வேலை யாருக்காக நடக்கிறது, அது முடிந்தபின் அவ்விடத்தில் உயிர் பெருகுகிறதா அருகுகிறதா என்பதே அளவுகோல். தூர்வாரிய குளம் இந்தச் சோதனையில் தேறும்.

சைவத்துக்குள்ளேயே இன்னொரு குரலும் உண்டு. வேதாரணியத்தில் பிறந்த தாயுமானவர், பூசைக்குப் பூப்பறிக்கப் போனால் அந்த மலருக்குள்ளும் இறைவனே இருப்பதைக் கண்டு பறிக்க மனம் வரவில்லை என்று பாடினார். இறைவன் எங்கும் நிறைந்தவன் என்ற சித்தாந்தத்தை இறுதிவரை பின்பற்றினால் நந்தவனத்தில் கை வைக்கவும் கூசும். இக்கூச்சம் உழவாரத்தை விலக்குவதில்லை. அதைப் பிடிக்கும் கையை மென்மையாக்குகிறது.

இல்லறத்தானின் நிலையைத் தெளிவாகப் பேசுபவை தரும நூல்களும் திருக்குறளும். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரலும் உலக்கையும், தண்ணீர்க் குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தானின் ஐந்து கொலைக்களங்கள் என்கிறது மனுதருமம். அவற்றுக்கு ஈடாக அன்றாடம் ஐந்து வேள்விகளை அது விதிக்கிறது. அவற்றில் ஒன்று பூத வேள்வி, பிற உயிர்களுக்கு உணவிடுதல். வாசலில் பச்சரிசி மாவால் இடும் கோலம் எறும்புக்கு உணவாவது அந்த ஈட்டின் எளிய வடிவம். கல்மாவுக் கோலத்தில் அழகு குறைவதில்லை, ஈடு குறைகிறது.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து மழைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கிடைத்ததைப் பகுத்துண்டு பல்லுயிரையும் காப்பதை அறங்களில் தலையாயதாகச் சொன்னார். அதே நூலில், கொடியவரை அரசன் தண்டிப்பதைப் பயிருக்காகக் களையெடுப்பதற்கு ஒப்பிட்டார். உவமையாகும் அளவுக்குக் களையெடுப்பு அவருக்கு ஐயமற்ற அறம். ஆனால் உவமை இருபுறமும் வேலை செய்கிறது. தண்டனைக்கு விசாரணையும் அளவும் வேண்டும் என்றால் களைக்கும் அவை வேண்டும்.

களை என்ற பெயரே விசாரணைக்கு உரியது. நெல்வயலில் களையான கோரை, பூம்புகாரை அடுத்த திருச்சாய்க்காட்டுச் சாயாவனேசுவரர் கோயிலில் தலமரம். சாய் என்பதே கோரையின் பெயர். வாசலில் செதுக்கி எறியும் அருகம்புல் பிள்ளையாருக்கு உகந்த அர்ச்சனை. கொல்லை ஓரத்தில் தானே முளைக்கும் கீழாநெல்லி காமாலைக்கு மருந்தாக நாட்டு வைத்தியத்தில் பயன்பட்டு வருகிறது. ஒரு செடி களையாவது அது நிற்கும் இடத்தால். பிறப்பால் எச்செடியும் களையன்று.

இவ்விடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் மழைநாட்டு முற்றத்துக்கான நெறி கிடைக்கிறது. நடைபாதையிலும் சுவரடியிலும் நிற்பதைக் கையால் பிடுங்கலாம். வேலியோரம் ஒரு கீற்று நிலத்தைத் தானாக வளரவிடலாம். தூர்வாரிய சேற்றை உடனே மிதித்து இறுக்காமல் வாய்க்கால் ஓரத்தில் சற்று நேரம் விட்டால், ஊர்வன நீருக்குத் திரும்ப வழி இருக்கும். பிடுங்கிய புல்லைத் தென்னையடியில் மூடாக்காக இட்டால் அது மண்ணுக்கே மீளும். களைக்கொல்லி இந்நெறிக்குப் பொருந்தாது. கை ஒவ்வொரு செடியையும் கண்டு எடுக்கிறது. மருந்து கோரையையும் கீழாநெல்லியையும் ஒன்றாகவே கருக்குகிறது. விசாரணையற்ற தண்டனை அது.

முற்றம் முழுவதையும் சிமெண்ட் தளமாக்குவது இன்னும் கடுமையானது. 2022 நவம்பர் 11 அன்று அருகிலுள்ள சீர்காழியில் ஒரே நாளில் ஏறக்குறைய 44 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையில் 1,000 சதுர அடித் தளத்தின்மேல் விழும் நீர் சுமார் 40,000 லிட்டர். மண்தரையும் அத்தனை மழையை முழுவதும் குடித்துவிடாது, ஆயினும் தன் பங்கை உறிஞ்சிக்கொள்ளும். தளம் ஒரு சொட்டும் வாங்காமல் அத்தனையையும் தெருவுக்கும் தாழ்ந்த வீட்டுக்கும் தள்ளுகிறது. தன் வாசல் சேறாகாதிருக்க அடுத்தவர் வீட்டை நனைப்பது பகுத்துண்ணும் அறத்துக்கு நேர் எதிரானது. மழை பொது, அதை ஏற்கும் பொறுப்பும் பொது.

சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ நாவல் இக்கேள்வியின் எல்லையைக் காட்டுகிறது. கரும்பாலை கட்டுவதற்காக ஒருவன் தான் விலைக்கு வாங்கிய வனத்தைத் தீயிட்டு அழிக்கிறான். பட்டாவின்படி அவனுக்கு உரிமை உண்டு. ஊருக்குப் புளி தந்த மரங்களும் எரிந்துபோனபின், இழப்பு அவனுடையதாக மட்டும் இருப்பதில்லை. நிலத்தின் சொந்தம் பத்திரத்தில் முடிவதில்லை என்பதை அந்நாவல் உணர்த்துகிறது.

சமணத்தின் அச்சம், உழவாரத்தின் உழைப்பு, தாயுமானவரின் கூச்சம், குறளின் பகிர்வு ஆகிய நான்கும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல. அச்சம் இல்லாத உழைப்பு வனத்தைக் கருக்கும். உழைப்பு இல்லாத அச்சம் குளத்தைத் தூர்க்கும். வெட்டுவதற்குமுன் பார்ப்பது, தேவையான அளவே வெட்டுவது, வெட்டியதை மண்ணுக்குத் தருவது, வெட்டாமல் ஒரு பங்கை விடுவது ஆகியவை சேர்ந்ததே இல்லறத்தானுக்கு உரிய களையெடுப்பு.