தந்தைக்குத் தனயனாய் நின்ற தயாநிதி

உலகனைத்துக்கும் எம்பெருமானே தந்தை என்று வேதங்கள் முழங்குகின்றன. அப்படிப்பட்ட பெருமான், தனக்கும் ஒரு தந்தை வேண்டுமென்று திருவுள்ளம் பற்றினான். அயோத்தியில் தயரத சக்ரவர்த்தியையும், வடமதுரையில் வசுதேவரையும் தந்தையராக வரித்துக்கொண்டான். தந்தையாயிருந்து பிள்ளைகளைக் காப்பது அவனுக்கு இயல்பு. பிள்ளையாயிருந்து தந்தைக்காக உருகுவது எப்படி என்று உலகினருக்குக் காட்டவே இந்த எளிமையை அவன் மேற்கொண்டான்.

ஸ்ரீமத் ராமாயணத்தில் ‘பிதுர் வாக்ய பரிபாலனம்’, அதாவது தந்தை சொற் காத்தல், யாவரும் போற்றும் தர்மம். ஆனால் சொல்லைக் காப்பது வேறு. சொன்னவரிடத்தில் அன்பு குறையாதிருப்பது வேறு. கட்டளைக்கு அடங்கி, மனத்திலே கசப்பைச் சுமந்து செல்லும் பிள்ளைகள் உண்டு. இராமபிரான் அவ்வாறு சென்றவன் அல்லன்.

கங்கையைக் கடந்து, சுமந்திரனும் உடனில்லாமல் தங்கிய முதல் இரவு அது. அரண்மனையில் வளர்ந்த பெருமான் மரத்தடியில் வீற்றிருக்கிறான். அவ்வேளையில் அவன் திருவுள்ளம் அயோத்திக்கே ஓடுகிறது. முதுமையடைந்த தந்தை, தன்னைப் பிரிந்து, ஆதரவற்றவராய் என்ன செய்வாரோ என்று இளையபெருமாளிடம் சொல்லிச் சொல்லி வருந்துகிறான். தந்தை செய்தது சரியா என்று மனம் நோகும் சொற்களும் அந்த இரவில் வராமலில்லை. ஆயினும் அவற்றுக்கெல்லாம் அடியில் நிற்பது பரிவு ஒன்றே. கண்களில் நீர் நிறைய, பேச்சற்று அமர்ந்துவிட்டான் என்று வால்மீகி பகவான் காட்டுகிறார். காடேகச் செய்தவரே தந்தை; அவர் தனித்திருப்பாரே என்று கலங்குவது காடேகிய பிள்ளை!

பின்னர்ச் சித்திரகூடத்தில் பரதாழ்வான் வந்து திருவடியில் விழுந்தபோது, தந்தை எங்கே, அவரை விட்டு நீ வனத்துக்கு வந்தது ஏன் என்பதே பெருமான் முதலில் கேட்ட கேள்விகளுள் ஒன்று. தந்தை மறைந்த செய்தி செவியில் பட்டதும், வெட்டுண்ட மரம்போல் வீழ்ந்தான். மூத்த மகனாயிருந்தும் தந்தையின் திருமேனிக்குத் தன் கையால் சரம கைங்கர்யம் செய்யக் கொடுத்துவைக்கவில்லை. அதை அயோத்தியில் பரதன் முன்பே செய்து முடித்திருந்தான். இராமனுக்கு எஞ்சியது மந்தாகினி நதிக்கரை ஒன்றே. அங்கே நீர்க்கடன் கழித்து, இலந்தைப் பழம் சேர்த்த இங்குதிப் பிண்ணாக்கைப் பிண்டமாகத் தர்ப்பையின்மேல் இட்டான். நாங்கள் இப்போது உண்பது எதுவோ அதையே ஏற்றருள வேண்டும் என்று தந்தையிடம் வேண்டிக்கொண்டான். கோசலை அதைக் கண்டு கதறினாள். சக்ரவர்த்திக்கு அது உணவன்று. ஆனால் மகனிடம் இருந்தது அவ்வளவே, அதை அவன் மறைக்கவில்லை.

செய்ய முடியாமற் போன அந்தக் கைங்கர்யத்தின் ஏக்கத்தை ஜடாயுவிடத்தில் தீர்த்துக்கொண்டான் என்றே கொள்ளலாம். தந்தையின் தோழராகிய அப்பெரிய உடையார், பிராட்டிக்காகப் போரிட்டுச் சிறகிழந்து கிடந்தார். சீதையைப் பிரிந்த துயரைக் காட்டிலும் இவரை இழந்த துயர் பெரிது என்று பெருமான் அழுதான். தன் கையாலேயே சிதை அடுக்கி, எரியூட்டி, கோதாவரியில் நீர்க்கடன் செய்தான். பறவைக்குப் பிள்ளையானான் பரமபுருஷன்.

இலங்கைப் போர் முடிந்தபின் நிகழ்ந்தது இன்னும் உயர்ந்தது. தயரதன் விமானத்தில் தோன்றி மைந்தனை மடியில் இருத்தித் தழுவினான். கைகேயியின் சொற்கள் அந்நாள் வரை நெஞ்சில் தைத்திருந்ததாகவும் கூறினான். மேலுலகம் சேர்ந்தும் ஆறாத புண் அது! இராமபிரான் கைகூப்பி ஒன்றே ஒன்றை வேண்டினான். “உன்னையும் உன் மகனையும் துறந்தேன்” என்று தந்தை முன்னாளில் கைகேயியைச் சினந்துரைத்த சொல் அவ்விருவரையும் தீண்டாதிருக்க வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். தயரதன் இசைந்தான். 14 ஆண்டுகள் வனத்தில் உழன்ற மகன் தந்தையிடம் பெற்றுக்கொண்டது அரசன்று. தந்தை நெஞ்சிலிருந்த முள்ளை அன்றோ அவன் எடுத்தெறிந்தான்! வயது முதிர்ந்த தந்தைக்கு வளர்ந்த பிள்ளை செய்யக்கூடிய உபகாரம் இதனினும் மேலானது உண்டோ?

அந்தச் சார்ங்க வில்லை ஏந்திய பெருமானே திருக்குடந்தையில் சார்ங்கபாணியாய், ஆராவமுதனாய்ச் சேவை சாதிக்கிறான். அத்திருக்கோயிலின் 11 நிலை இராஜகோபுரத் திருப்பணியைச் செய்தவர் லக்ஷ்மிநாராயண ஸ்வாமி என்னும் பரமபக்தர் என்பது கோயில் வழக்கு. அவருக்கு மனைவி மக்கள் இல்லை. கைங்கர்யமே குடும்பமாய் வாழ்ந்து முதுமை எய்திய அவர், தீபாவளித் திருநாளில் ஆசார்யன் திருவடி அடைந்தார். ஈமக்கடன் செய்யப் பிள்ளை இல்லையே என்று ஊரார் வருந்தினர். மறுநாள் அர்ச்சகர் சன்னிதியைத் திறந்தபோது, ஈர ஆடையும், மாறிய பூணூலும், தர்ப்பையுமாய்ப் பெருமான் நின்றிருந்தான் என்று பெரியோர் கூறுவர். ஆண்டுதோறும் ஐப்பசி அமாவாசையன்று, அந்த அடியாருக்குப் பெருமானே சிராத்தம் செய்தருளும் வழக்கம் அங்கே உண்டு. தயரதனுக்குத் தன் கையால் செய்யக் கிடைக்காததை, பிள்ளையற்ற ஒரு கிழவருக்கு ஆண்டு தவறாமல் செய்துவருகிறான் அப்பெருமான்!

பிள்ளைக்குப் பிள்ளைத்தன்மை மூன்றால் வரும் என்பர் தர்மம் உணர்ந்தோர்: வாழுங்காலத்தில் தந்தையின் சொற்படி நடத்தல், மறைந்தபின் ஆண்டுதோறும் திதியன்று அன்னமிடுதல், கயையில் பிண்டமிடுதல். இம்மூன்றில் முதலாவது எது என்பதை நோக்குதல் வேண்டும். கயைக்குச் செல்லும் வழியைப் பலரும் அறிவர். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தந்தையிடம் செல்லும் வழிதான் பலருக்கு மறந்துபோகிறது. கம்சனை மாய்த்துச் சிறை மீட்ட கண்ணனும் பெற்றோரிடம் தன் பராக்கிரமத்தைப் பேசவில்லை. இத்தனை நாள் பணிவிடை செய்யாமற் போனோமே என்றே குறைப்பட்டுக்கொண்டான். ஆற்றல் இருந்தும் முதிய தாய் தந்தையரைப் பேணாதவன் மூச்சுவிடும் பிணம் என்றும் கூறினான்.

முதுமையில் தந்தை கேட்பது பொன்னும் பொருளும் அன்று. சொன்னதையே சொல்வார், முதல்முறை கேட்பதுபோல் கேட்க ஒரு செவி வேண்டும். கை நடுங்கும், திருமண் இட்டுக்கொள்ளக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். முன்னொரு நாள் இதே திருவீதியில் குழந்தையைத் தோளில் சுமந்து கருடசேவை காட்டியவர் அவர். இன்று கூட்டத்தில் அவர் கால் தடுமாறுகிறது. கண்ணிலே புரை படர்ந்திருக்கிறது. “பெருமாள் மண்டபத்துக்கு எழுந்தருளிவிட்டார் அப்பா, இன்று முத்தங்கி, துளசி மாலை” என்று மகனோ மகளோ அவர் செவியருகே சொல்லும்போது, அவர் கைகள் தாமே குவிகின்றன. அங்கே நடப்பதும் ஒரு திருமஞ்சனமே.

தந்தையிடம் பழைய மனத்தாங்கல் உடையவர்களும் இவ்விழாவுக்கு வந்திருக்கலாம். அவர்களுக்கே இராமபிரான் வழிகாட்டி. மனத்தாங்கலைச் சுமந்துகொண்டு கொள்ளி வைப்பதைவிட, அவர் இருக்கும்போதே அதை இறக்கிவைப்பது மேல். தந்தையை இழந்தவர்கள் ஜடாயுவை நினைப்பார்களாக. பிள்ளையின் கைக்கு ஏங்கும் முதியவர்கள் எவ்வூரிலும் இருக்கிறார்கள்.

உற்சவம் சேவித்து ஊர் திரும்பும் அடியார்கள், தீர்த்தமும் துளசியும் கொண்டுசெல்லும்போது, வர இயலாமல் வீட்டில் இருக்கும் முதியவரின் அருகில் சற்றே அமர்ந்து, கண்ட சேவையை நிதானமாகச் சொல்வார்களாயின், சார்ங்கபாணியின் திருவுள்ளம் உகக்கும். தந்தைக்குத் தனயனாய் நின்ற அத்தயாநிதி, அனைவருக்கும் அப்பேற்றை அருள்வானாக!

சுபம்.