உடைத்துப் பார்க்க உனக்கென்ன பயம்?

உன் அப்பா இதுவரை எத்தனை கட்டடத்துக்குக் கான்கிரீட் போட்டிருப்பார்?

தெரியாது, இல்லையா? அவருக்கே கணக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தருமபுரி பஸ் நிலையத்தில் போய் நின்று பார். பெங்களூரு வண்டியில் யார் ஏறுகிறார்கள்? பென்னாகரத்துக் கொத்தனார். அரூரில் இருந்து வந்த கம்பி கட்டுகிறவர். இடுப்பில் குழந்தையோடு பாலக்கோட்டுச் சித்தாள்.

அவர்கள் எழுப்பிய தூண் எத்தனை டன் தாங்கும் என்று அவர்களை எவராவது கேட்டதுண்டா?

கேட்க மாட்டார்கள். அதைச் சொல்ல வேறொருவர் வருவார். க்யூப் என்ற கான்கிரீட் கட்டியை உடைப்பார். கம்பியை இழுப்பார். எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவார். அரசு வேலையில் அந்த ரிப்போர்ட் இல்லாமல் பில் நகராது!

அந்த வேறொருவர் ஏன் நீயாக இருக்கக் கூடாது?

"நமக்கு அதெல்லாம் வராதுண்ணா" என்கிறாய். எது வராது? சொல்! அந்த வேலையை ஒருமுறையாவது கிட்டப் போய்ப் பார்த்தாயா? பார்க்காமலே பயந்தாயா?

வா, காட்டுகிறேன்.

ஒரு இரும்பு அச்சு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 150 மில்லிமீட்டர். அதில் பச்சைக் கான்கிரீட்டை மூன்று அடுக்காகப் போட வேண்டும். அடுக்குக்கு 35 குத்து, கம்பியால். 24 மணி நேரம் கழித்து அச்சைக் கழற்றி, கட்டியைத் தண்ணீரில் போட வேண்டும். 28-ம் நாள் வெளியே எடுத்து எந்திரத்தின் நடுவில் வைத்து அழுத்த வேண்டும்.

இதில் எது உனக்கு வராது? 35 வரை எண்ண வராதா?

எம் 20 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். க்யூபின் ஒரு முகம் 22,500 சதுர மில்லிமீட்டர். பெருக்கு! 450 கிலோ நியூட்டன். ஆள் நிறைந்த மூன்று பஸ்களின் எடை, உன் இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு கட்டியின் மேல்!

எட்டாம் வகுப்புக் கணக்கு இது. அதற்கா நடுங்கினாய்?

இப்போது எந்திரத்தின் பக்கத்தில் நில். முள் ஏறுகிறது. 300, 400, 450 தாண்டிவிட்டது. மூலையில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. 'பொருபொரு'வென்று சத்தம். சட்டென்று முள் தளர்கிறது. நிறுத்திவிட்டுப் பார். நான்கு பக்கமும் உதிர்ந்து, நடுவில் இடை சிறுத்து நிற்கிறது கட்டி. உடுக்கை!

உடுக்கை வடிவில் உடைந்தால் சோதனை ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் சிதைந்தால், வைத்தது கோணல் அல்லது முகம் சமமில்லை. திரும்பப் பார்க்க வேண்டும். மூன்று க்யூபில் ஒன்று சராசரியை விட்டு 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்தச் சோதனையே செல்லாது.

கம்பிக்கு வா. 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பி. 60 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி குத்து. யூடிஎம் என்ற இழுவை எந்திரத்தின் இரண்டு தாடையிலும் பிடிக்க விட்டு இழு. 500 கிரேடு என்றால் 56.5 கிலோ நியூட்டன் வரை அது விட்டுக்கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் போகப் போக நீளும். ஓரிடத்தில் கழுத்துப் போல மெலியும். அப்புறம் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம்! முதல் தடவை எல்லோரும் துள்ளுவார்கள். நீயும் துள்ளுவாய். துள்ளு, ஒன்றும் குறைந்துவிடாது!

அறுந்த முனையைத் தொட்டுப் பார். சுடும். இரண்டு துண்டையும் ஒட்டிவைத்துப் புள்ளிகளுக்கு நடுவே அள. கூடுதலாக நீளும் 500 டி கம்பியானால் அந்த 60 இப்போது கிட்டத்தட்ட 70 ஆகியிருக்க வேண்டும். ஏன் தெரியுமா? நிலம் நடுங்கும்போது பட்டென்று முறியும் கம்பி ஆளைக் கொல்லும். நீளும் கம்பி, ஓடித் தப்பிக்க நேரம் கொடுக்கும். அந்தப் பத்து மில்லிமீட்டருக்குள் ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது!

இது சின்ன வேலையா?

2014 ஜூன் 28. சென்னை மவுலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 உயிர். கட்டட வேலைக்கு வந்தவர்களே அதிகம். உன் அப்பாவைப் போன்றவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தையும் 2016-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அந்தச் செய்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. உனக்கு அடைக்கிறதா? அப்படியானால் இந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதி உன்னிடம் இருக்கிறது. மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்த சாக்கு என்ன? "பணம் இல்லை."

அரசுப் பள்ளியில் படித்தவனா நீ? பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021-ல் இருந்து இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசு கட்டுகிறது. பெண்ணா? புதுமைப் பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய். பையனா? தமிழ்ப் புதல்வன், அதே 1,000. டிப்ளமோவுக்கும் உண்டு, ஐடிஐக்கும் உண்டு. செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி 2013-ல் இருந்து நிற்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். ஏறினாயா?

"மார்க் இல்லை." ஐடிஐ முடித்துவிட்டு அப்ரெண்டிஸாக நுழை. ரெடிமிக்ஸ் ஆலையில் லேப் இருக்கிறது. பெரிய சாலை வேலை ஒவ்வொன்றிலும் லேப் இருக்கிறது. ஓசூர் வார்ப்பாலைகளில், சேலம் உருக்காலையில், மேச்சேரி பக்கம் பொட்டனேரி இரும்பாலையில் சோதிக்காமல் ஒரு துண்டு வெளியே போகாது. வெல்டிங்கை உடைக்காமலே உள்ளே பார்க்கும் என்டிடி படிக்க ஆசையா? திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது!

"பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று யாராவது கேட்கிறார்களா, தங்கச்சி? வால்வைத் திருகிய கை யாருடையது என்று எந்திரத்துக்குத் தெரியாது. 450 என்றால் 450-தான்!

"இங்கிலீஷ் வராது." எண் வருமா? அது போதும் தொடங்க! ரிப்போர்ட்டில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருகிறவைதான். ஒரு நாளைக்கு ஐந்து எழுது. ஒரு மாதத்தில் அது உன் கையில்!

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முதல் வருஷம் சிமெண்ட் தூசியும், ஈரக் கையும், க்யூப் தூக்கித் தூக்கித் தோள்வலியும்தான். ஒரு க்யூப் எட்டு கிலோவுக்கு மேல். இருக்கட்டும்! உன் அம்மா சுமந்த கல்லை விடவா அது கனம்?

ஸ்காட்லாந்தில் டண்டி என்ற ஊரில் 1820-ல் பிறந்தார் டேவிட் கிர்கால்டி. கப்பல் பட்டறையில் வேலை. இரும்பைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று அவருக்கு ஒரு வெறி! நாற்பதை ஒட்டிய வயதில் அந்த வேலையை விட்டார். ஒரு ராட்சத எந்திரத்தைத் தானே வடிவமைத்தார். லீட்ஸ் நகரில் செய்வித்து, 1866-ல் லண்டனில் சொந்தச் சோதனைக்கூடம் திறந்தார். பிறகு கட்டிய இடத்தின் வாசலுக்கு மேல் கல்லில் பொறித்தார்: கருத்துகள் அல்ல, உண்மைகள்!

1879 டிசம்பர் 28. புயல் ராத்திரி. டண்டியின் டே பாலம் ரயிலோடு ஆற்றில் விழுந்தது. பாலத்தின் இரும்பை எங்கே சோதித்தார்கள்? அந்த ஊரில் பிறந்த கிர்கால்டியின் எந்திரத்தில்!

40 வயதுக்கு மேல்தான் அவர் சோதனைக்கூடம் தொடங்கினார். உனக்கு எத்தனை? 19? 22? "லேட் ஆயிடுச்சு" என்று இன்னொரு முறை சொல்லாதே!

இரும்பு நமக்கு அந்நியமா? கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தோண்டிய இடத்தில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். 2004 வரை அது தருமபுரி மாவட்டத்து மண்! நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் இரும்பைக் கையாண்ட மண்ணில் பிறந்துவிட்டு, ஒரு கம்பியை இழுக்கக் கை நடுங்குகிறதா?

அரியர் இருக்கிறதா? இன்டர்வியூவில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்களா?

க்யூபை ஏழாம் நாளும் உடைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் முழு வலிமையில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். அதற்காகக் கட்டடத்தை இடிக்கிறார்களா? மிச்சக் கட்டி தண்ணீருக்குள் சத்தமில்லாமல் கிடந்து இறுகிக்கொண்டிருக்கும். உன் ஏழாம் நாள் எண்ணை வைத்து உனக்குத் தீர்ப்பு எழுத யார் அவர்கள்? நீயே ஏன் எழுதுகிறாய்?

ஆனால் ஒன்று. இந்தத் தொழிலில் நிஜமான பயம் எந்திரத்தின் முன்னால் வராது. பேனாவைக் கையில் எடுக்கும்போது வரும்.

ஒருநாள் முள் 360-ல் நின்றுவிடும். வகுத்துப் பார்த்தால் 16. வேண்டியது 20. பக்கத்தில் ஒருவர் வந்து தோளில் கை போடுவார். "தம்பி, 20-னு போட்டுரு. சின்ன வேலைதானே."

போடுவாயா?

அங்கே "முடியாதுங்க" என்று சொல்ல எந்தப் பட்டமும் வேண்டாம். சிபாரிசும் வேண்டாம். முதுகெலும்பு வேண்டும்! அந்தத் தளத்தின் கீழே யாரோ தூங்கப் போகிறார்கள். 16 வந்தால் 16 என்று எழுது. கை நடுங்கினாலும் எழுது. அன்று வேலை போனாலும் போகட்டும், இன்னொரு லேப் உனக்குக் கதவு திறக்கும். பொய்க் கையெழுத்து போட்டவனுக்கு ஒவ்வொரு மழை ராத்திரியும் தூக்கம் போகும்!

இனி என்ன யோசனை?

பத்து நாளில் அப்பா ஊருக்கு வருவார். வந்ததும் காசைப் பற்றிப் பேசாதே. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று கேள்: "ஒரு மூட்டைக்கு எவ்வளவு தண்ணி விடுறீங்கப்பா?"

தண்ணீர் கூடினால் வலிமை குறையும். கான்கிரீட் பாடத்தில் முதலில் வருவது அதுதான். எந்தப் புத்தகமும் படிக்காமல், மண்வெட்டியில் கலவை வழியும் விதத்தைப் பார்த்தே அதைக் கண்டுகொண்டவர் அவர்.

அவர் உன்னை நிமிர்ந்து பார்ப்பார். இத்தனை வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லத் தொடங்குவார்.

நோட்டை எடு. எழுது!