பெயரிடும் உரிமை

சிறுகோளைக் கண்டவர்க்கே அதற்குப் பெயரிடும் உரிமை என்பது வானியல் மரபு. அவ்வுரிமையைப் பிறர்க்கு ஈவது இழப்பாகுமா?

ஜெர்மனியின் பிரெமன் நகரில் மருத்துவராய் வாழ்ந்து, இரவில் வானை ஆய்ந்தவர் ஓல்பர்ஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே, கதிரவனை ஏறத்தாழ 3.6 ஆண்டுகளில் சுற்றிவரும் சிறுகோள் ஒன்றை 1807 மார்ச் 29ஆம் நாள் அவர் கண்டார். ஆயினும், பெயர் சூட்டும் பேற்றைக் கணித மேதை கௌஸுக்கு அளித்தார். 1801இல் கண்டறியப்பட்டுப் பின் கதிரவனொளியில் மறைந்த சீரிஸை மீண்டும் காண ஓல்பர்ஸுக்கு வழிகாட்டியது கௌஸின் கணக்கே அன்றோ! கௌஸ், உரோமர் இல்லத்தீயின் தெய்வமாகப் போற்றிய வெஸ்டாவின் பெயரைச் சூட்டினார்.

கண் கண்டதைக் கணக்கு நிலைநிறுத்துகிறது. அறிவு பலர் கூடி எழுப்பும் மனை. அதில் தனியுரிமை கோருதல் தகுமா? பெயரிடும் பேற்றை ஈந்த ஓல்பர்ஸ், கண்டவர் என்னும் புகழை இழக்கவில்லை. ஈந்தவர் என்னும் புகழையும் பெற்றார்.