இன்னும் ஒரு வருடம்



2020 மார்ச் மாதக் கடைசியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா ஊரடங்கு வந்தது. குருத்து ஞாயிறும் பெரிய வெள்ளியும் பாஸ்காவும் பூட்டிய ஆலயத்துக்குள் நடந்தன. நீங்கள் வீட்டில் செபித்தீர்கள். நான் ஆளில்லாத ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றினேன்.

அப்போது கல்லூரி விடுதியை மூடிவிட்டதால் ஊர் திரும்பினான் நம் பங்கு மாணவன் ஒருவன். வயல் வரப்பில்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைத்தது. ஆன்லைன் வகுப்புக்காகத் தினமும் அங்கேதான் உட்காருவான். ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக் கொத்திப் பார்த்திருக்கிறான். மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஒரு மண்புழுகூட இல்லை. "யூரியாவும் மருந்தும் போட்டுப் போட்டு நிலம் செத்துப்போச்சுப்பா" என்றாராம் தாத்தா.

அந்தச் சொல் அவனைத் தூங்கவிடவில்லை. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவின் பேச்சுகளைத் தேடித் தேடிக் கேட்டான். கம்பு, சோளம், உளுந்து, எள், சணப்பு, தக்கைப்பூண்டு எனப் பல தானியம் கலந்து விதைத்து, பூவெடுத்ததும் மடக்கி உழுதான். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு கரைத்து ஜீவாமிர்தம் என்ற இயற்கைக் கரைசலைத் தயாரித்தான். அதில் ஒரு கைப்பிடி வரப்பு மண்ணும் சேர்க்க வேண்டும். சாணத்திலும் ரசாயனம் படாத அந்தக் கைப்பிடி மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் பெருகி நிலத்தை எழுப்புகின்றன.

முதல் போகத்தில் விளைச்சல் குறைந்தது. பையன் தலைகுனிந்து நின்றான். தாத்தா கோபப்படவில்லை. "இன்னும் ஒரு வருசம் பார்ப்போம்" என்றார்.

இந்தச் சொல்லை நற்செய்தியில் கேட்டிருக்கிறோம் அல்லவா? லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், மூன்று ஆண்டு காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் தோட்ட உரிமையாளர். தோட்டத் தொழிலாளர் ஓராண்டு தவணை கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார். அவருடைய இரக்கத்தின் கைகளில் எருவும் மண்ணும் ஒட்டியிருக்கின்றன.

அன்பானவர்களே, "இனி தேறாது" என்று நாம் யாரைக் கைவிட்டிருக்கிறோம்? குடியில் விழுந்த மகனையா? வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய தம்பியையா? பல ஆண்டுகளாக ஒப்புரவு அருட்சாதனத்தின் பக்கமே போகாத நம் சொந்த மனத்தையா?

கலங்காதீர்கள். இறுகிப்போன உள்ளத்திலும் கடவுளுக்கு ஒரு கைப்பிடி நல்ல மண் கிடைக்கும். அது போதும் அவருக்கு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் இந்தப் பூமியை நம் சகோதரி என்றார். சகோதரியைக் காயப்படுத்திய நம்மையும் ஆண்டவர் வெட்டி எறியவில்லை. மண்வெட்டியைக் கையில் தந்து, குணப்படுத்தும் வேலைக்கு அழைக்கிறார்.

இரண்டாம் வருடம், மழை விட்ட ஒரு காலையில் அந்த மாணவன் என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளங்கையில் ஈரமான கறுப்பு மண். அதற்குள் ஒரு மண்புழு நெளிந்தது. "சாமி, வந்திருச்சு" என்றான். அன்றைய திருப்பலியில் எனக்கு வேறு மறையுரை தேவைப்படவில்லை.

இந்த வாரம், நீங்கள் கைவிட்ட ஒருவருக்கு இன்னும் ஒரு வருடம் கொடுங்கள். கொடுத்துவிட்டுச் சும்மா இராமல், அவரைச் சுற்றிக் கொத்தி எரு போடுங்கள். ஆண்டவர் நமக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். ஆமென்.