முழங்கால் வலியும் முஃமினின் பொறுமையும்



இஷாத் தொழுகையை முடித்துப் பாயில் சாய்ந்தால் முழங்கால் குடைச்சல் தூங்க விடுவதில்லை. புரண்டு புரண்டு படுத்து, ஃபஜ்ருடைய பாங்கு வரை விழித்திருக்கும் பெரியவர்கள் நம் தர்மபுரி மாவட்டத்தில் அநேகர். "அல்லாஹ் கொடுத்த வலி, ஸப்ரு செய்கிறேன்" என்று சொல்லி, மருத்துவரிடம் போகாமலேயே சிலர் காலத்தைக் கழிக்கின்றனர். இதுதானா ஸப்ரு?

முஃமினுக்கு ஒரு முள் தைத்தாலும் அதைக்கொண்டு அவனுடைய பாவங்களை அல்லாஹ் அழிக்கிறான் என்று அருளியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்களே, மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளிடம், செய்துகொள்ளுங்கள் என்றும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்றும் கூறினார்கள். ஆகவே, அல்லாஹ்வைக் குறை கூறாதிருப்பதே ஸப்ரு, மருந்தை மறுப்பதல்ல!

நோயினால் வாடிய நபி அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையின் ஸாத் அத்தியாயத்தில் காண்கிறோம். காலால் பூமியைத் தட்டும்படி அல்லாஹ் ஏவினான். குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் கிடைத்தது. நாடியவுடன் குணமாக்க வல்ல இறைவன், தண்ணீரை ஒரு காரணமாக ஆக்கினான்.

அங்கே தண்ணீர் ஷிஃபாவுக்குக் காரணமாயிற்று. நம் மாவட்டத்தின் பல ஊர்களிலோ தண்ணீரே நோய்க்குக் காரணமாகியிருக்கிறது! இங்குள்ள பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பல்லாண்டுகள் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். பெரியவர்களின் முதுகும், கழுத்தும், முழங்காலும் இறுகி வலிக்கும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் ஜில்லாவில் இந்நோயை மருத்துவர்கள் 1937-லேயே கண்டெழுதினர். இறுகிய எலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. தண்ணீரை மாற்றுவதே முதல் வைத்தியம்.

இதற்கெனவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் வீடு தேடி வந்தும், குடிக்கவும் சமைக்கவும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே எடுத்தால் என்ன பயன்? கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் கடுமை கூடும். ஒளுச் செய்யவும் குளிக்கவும் அந்நீரால் தீங்கில்லை. ஆனால் ரமளானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கு எந்த நீர் ஊற்றப்படுகிறது என்பதை முத்தவல்லிகள் கவனிக்க வேண்டும். கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் சோதித்தறியலாம்.

எல்லா முழங்கால் வலியும் தண்ணீரால் வந்ததன்று. மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், வாதமாகவும் இருக்கலாம். வீக்கமோ காய்ச்சலோ சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடல் அல்லாஹ்வின் அமானிதம் அல்லவா?

தொழுகையை நினைத்து மனம் நோகும் பெரியவர்களே! மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழும்படியும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். கடும் வலி உண்டாகும், அல்லது நோய் கூடும் என்றால் அதுவும் இயலாமையே. நெற்றியைத் தரையில் வைக்க முடியாதவர் தலையைத் தாழ்த்திச் சைகை செய்வார். ருகூவை விட ஸுஜூதுக்கு அதிகம் தாழ்த்துவார். அவரவர் நிலைக்கேற்ற சட்டத்தை மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்க. சுகமாயிருந்தபோது செய்துவந்த அமலின் நன்மை, நோயுற்ற காலத்திலும் எழுதப்படும் என்பது நபிமொழி தரும் ஆறுதல்.

இளைஞர்களே! தாயை இழந்த ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள் எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்று பதில் வந்தது. தாயின் பேரால் கிணறு தோண்டினார்கள். உங்கள் தாய்க்குத் தினமும் ஒரு குடம் நல்ல நீர் கொண்டுவந்து வைப்பதும் நன்மையன்றோ!

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், இரவில் நிம்மதியான உறக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.